அறுவடை முதல் மழை வரை

திருச்சபையின் ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நான்காவது ஞாயிறன்று, திருவருகைக் காலத்தோடு தொடங்குகிறது. பின் கிறிஸ்து பிறப்புக் காலம், தவக்காலம், பாஸ்கா காலம். இவற்றுக்கு இடையிலும் இறுதியிலும் பொதுக்காலம். மெதடிஸ்த சபையில் பெயர்கள் சற்று மாறினாலும் ஓட்டம் ஒன்றுதான். கத்தோலிக்கரின் ஞாயிறு வாசகங்கள் 1969 இல் மூன்று ஆண்டுச் சுற்றாக ஒழுங்குசெய்யப்பட்டன. ஓர் ஆண்டு மத்தேயு, மறு ஆண்டு மாற்கு, அடுத்த ஆண்டு லூக்கா. எந்த நாளில் எதை வாசிப்பது என்பது முன்கூட்டியே முடிவானது.

ஒரு சமூகம் எதைக் கூடியிருந்து நினைக்கிறது, எதைத் தனித்தனியே சுமக்க விட்டுவிடுகிறது என்பதை அதன் நாட்காட்டியே காட்டிவிடும். சமூகவியல் மாணவியாக இருந்தபோது இது எனக்கு ஒரு பாடம் மட்டுமே. கதிரவெளிப் பக்கம் பெண்கள் குழுக்களோடு வேலை செய்யத் தொடங்கிய பின்புதான் அதன் பாரம் தெரிந்தது.

இங்கே திருவருகைக் காலம் மாரி மழையோடு வரும். தவக்காலம் பெரும்போக அறுவடையை ஒட்டி வரும். நவம்பர், இறந்தோருக்காக மன்றாடும் மாதம். அந்த மாதத்தில்தான், 2006 நவம்பர் 8 ஆம் திகதி, கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது இராணுவத்தின் எறிகணைகள் விழுந்தன. நாற்பதுக்கும் அதிகமானோர் இறந்தனர். இங்குள்ள பெண்களில் பலர் சைவர்கள். ஆனாலும் நவம்பர் எல்லோருக்கும் நவம்பர்தான்.

டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகளின் திருவிழா. பெத்லகேமின் ஆண் குழந்தைகளை ஏரோது கொல்வித்த பகுதியும், பிள்ளைகளை இழந்த இராகேல் ஆறுதல் பெற மறுத்து அழுததும் அன்று வாசிக்கப்படும். 2004 டிசம்பர் 26 இல் சுனாமி வந்தது. இரண்டு நாள் கழித்து இதே வாசகம் வந்தது. இராகேலை யாரும் அங்கே அதட்டவில்லை, "விதி, மறந்துவிடு" என்று சொல்லவில்லை. அவளுடைய மறுப்பு அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. எமது வீடுகளில் துயரம் ஆறாத பெண்ணுக்கு இவ்வளவு இடம் கொடுக்கிறோமா?

பாஸ்கா வாரத்துச் செவ்வாய்க்கிழமை மகதலா மரியாவின் வாசகம் வரும். உடலைக் காணாமல் கல்லறைக்கு வெளியே நின்று அழுகிறாள். எதிரே நிற்பவரைத் தோட்டக்காரர் என்று எண்ணி, எங்கே வைத்தீர்கள், சொல்லுங்கள், நான் எடுத்துச் செல்கிறேன் என்று கேட்கிறாள். இந்த நாட்டில் முகாம் வாசல்களிலும் ஆணைக்குழுக்கள் முன்னாலும் எத்தனை தாய்மார் இதே கேள்வியைக் கேட்டார்கள்! மரியாவுக்கு அன்றே பதில் கிடைத்தது.

இத்தனை கண்ணீருக்கும் இடம் வைத்த வாசக அட்டவணையில் ஒரு பெண் மட்டும் இல்லை. அவள் பெயர் ரிஸ்பாள். ஞாயிறு வாசகங்களிலும் இல்லை, வாரநாள் வாசகங்களிலும் இல்லை. சாமுவேலின் இரண்டாம் புத்தகம் 21 ஆம் அதிகாரத்தை நாமாகத் தேடி எடுத்தால்தான் அவளைக் காணலாம்.

அவள் சவுல் அரசனின் மறுமனைவி. சவுலுக்குப் பின் ஆண்ட தாவீதின் காலத்தில் மூன்று ஆண்டுப் பஞ்சம். அதைத் தீர்க்கவென்று சவுலின் வழிவந்த ஏழு ஆண்கள் பழிவாங்கலுக்கு ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களில் இருவர் அவளுடைய பிள்ளைகள். ஏழு உடல்களும் மலையில் விடப்பட்டன. அவள் சாக்குத் துணியைப் பாறையில் விரித்து உட்கார்ந்தாள். பகலில் பறவைகளையும் இரவில் விலங்குகளையும் நெருங்கவிடவில்லை. வாற்கோதுமை அறுவடை தொடங்கிய நாள் முதல் மழை பெய்யும் வரை அங்கேயே இருந்தாள். எமது கணக்கில் மாசியிலிருந்து ஐப்பசி வரை! அவள் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட எழுதப்படவில்லை.

இந்தக் கதையை ஒரு குழுவில் சொன்னேன். மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஓர் அம்மா கேட்டுவிட்டுச் சொன்னார்: "அந்தப் பொம்பிளைக்குக் காவலிருக்க உடம்பாவது இருந்திச்சி புள்ள. எனக்கு அதுவுமில்ல. திவசம் குடுக்கத் திதியுந் தெரியா."

யாரும் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து இன்னொருவர், பிறகு அந்த அரசன் என்ன செய்தான் என்று கேட்டார். மீதியையும் சொன்னேன். அவள் இருப்பது தாவீதின் காதுக்கு எட்டியது. அவன் சவுலுடைய எலும்புகளையும் யோனத்தானுடைய எலும்புகளையும் தேடி எடுப்பித்தான். அந்த ஏழு பேருடையவையும் சேர்க்கப்பட்டன. சவுலையும் யோனத்தானையும் அவர்களது குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தான். அதற்குப் பின்பே நாட்டுக்கான மன்றாட்டைக் கடவுள் கேட்டார் என்று அதிகாரம் சொல்கிறது. ஏழு பேரைக் கொன்றதனால் நாடு சுகப்படவில்லை. இறந்தோருக்குரிய மரியாதையைக் கொடுத்த பின்பே சுகப்பட்டது.

காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2018 இல் இயங்கத் தொடங்கியது. தாய்மாரின் கேள்வி இன்னும் ஓயவில்லை. பழையதைக் கிளறாதே என்று அவர்களிடம் சொல்பவர்கள் ஊரிலும் இருக்கிறார்கள், உறவிலும் இருக்கிறார்கள். ரிஸ்பாளிடமும் யாராவது அப்படிச் சொல்லியிருப்பார்கள். அவள் எழும்பிப் போகவில்லை.

சகோதரிகளே, நீங்கள் எச் சமயத்தவராயினும் இந்த அதிகாரத்தை ஒருமுறை சேர்ந்திருந்து வாசியுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு மற்றவர் வாசித்துக் காட்டட்டும். சூடடிப்பு முடிந்து கை சற்று ஓய்ந்திருக்கும் ஒரு பின்னேரம் போதும். அறுவடை முடிந்த வயலைப் பார்த்துக்கொண்டு, அடுத்த மழை வரை அவள் எவ்வளவு நாள் இருந்திருப்பாள் என்று எண்ணிப் பாருங்கள். உங்களில் யார் எத்தனை ஆண்டாக இருக்கிறீர்கள் என்பதையும் அன்று சொல்லுங்கள். மற்றவர்கள் கேட்கட்டும்.