சாவகச்சேரியில் ஒரு ஐப்பசி

ஐப்பசி பிறந்து மழை இருட்டத் தொடங்கினால் எனக்குச் சாவகச்சேரி ஞாபகம் வந்துவிடும். அங்கே எனக்கு இரத்த உறவு என்று ஒருவரும் இல்லை. ஆனால் ஒரு வீடு இருக்கிறது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்துச் சனமெல்லாம் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குள் வந்தபோது எங்களுக்குப் படலை திறந்துவிட்ட வீடு அது. அந்த வீட்டு அக்கா நாங்கள் யார், எந்த ஊர் என்று கேட்கவில்லை. "உள்ளுக்கு வாங்கோ, முதலில தலையைத் துடையுங்கோ" என்றார். அடுத்த சித்திரை வரைக்கும் ஏழு குடும்பங்கள் அந்த ஒரு கூரையின் கீழ் இருந்தோம்.

கடந்த ஐப்பசியில் நான் போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அக்காவின் மகளுக்குக் கலியாணம் சரிவந்திருந்தது. நாங்கள் அங்கிருந்த காலத்தில், 1996 மாசியில் பிறந்த பிள்ளை. அவளைக் குளிக்க வார்க்க வெந்நீர் வைத்துக் கொடுத்தவள் நான். "கலியாணம் கார்த்திகையில, சின்னம்மா. பலகாரச் சூட்டுக்கு நீங்கள் நிக்கவேணும்" என்று தொலைபேசியில் உத்தரவு போட்டுவிட்டாள்.

வவுனியாவில் காலை பஸ் ஏறினேன். ஓமந்தை வந்ததும் பொதிகளை இறக்கி வெயிலில் வரிசையாக நின்ற நாட்கள் மனதில் ஓடின. 2002இல் திறந்த ஏ9 வீதி 2006 ஓகஸ்ட்டில் மூடுப்பட்டு, 2009இல் தான் மறுபடியும் திறந்தது. இப்போது ஓமந்தையை நித்திரையோடு கடந்து போகலாம். ஆனையிறவு தாண்டி முகமாலைப் பக்கம் வந்தால் தலையிழந்த பனைகளைக் காணலாம். அவற்றின் காலடியில் வடலிகள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டன. கொடிகாமத்தில் தேங்காய்க் குவியல். மீசாலையில் மாவும் பலாவும் மழையில் கழுவி நின்றன. வீதியோர வயல்களில் நெல் ஒரு சாண் பச்சையாக எழும்பியிருந்தது.

2000ஆம் ஆண்டு சண்டையில் இந்தப் பட்டினம் உடைந்து போனது. 2002இல் நான் வந்து பார்த்தபோது கடைகளுக்குக் கூரை இல்லை. சுவர்களுக்குள்ளே ஆமணக்கு முளைத்திருந்தது. இன்றைக்குச் சந்தையில் நடக்க இடமில்லை. மட்டுவில் கத்தரிக்காய் குவித்து வைத்திருந்த ஆச்சி, "பால்கறிக்கோ பிள்ளை, பொரிக்கவோ?" என்று கேட்டே நிறுத்தார். சுவர்களில் வழக்கம்போலக் கண்ணீர் அஞ்சலிப் பிரசுரங்கள். ஊருக்குள் போகிறவர்கள் அவற்றை வாசித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

கந்தசஷ்டி தொடங்கியிருந்த நாட்கள். அன்று பின்னேரம் விறாந்தையில் இருந்து அக்கா ஒரு வருடத்து ஊர்ச் செய்தி முழுவதையும் சொன்னார். கிணற்றடிப் பெரியம்மா ஆடியில் செத்துப் போனார். முன்வீட்டுப் பெட்டைக்குப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. கனடாவில் இருக்கிறவர்களின் காணியில் ஆரோ வேலி அடைக்கிறார்கள். பனங்கொட்டை இந்த முறை நிறைய. பாத்தி போட்டாயிற்று, தையில் கிழங்கு கிண்டலாம். எல்லாம் சொன்னவர் கலியாண அழைப்பிதழைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. நானே கேட்டேன்.

"இன்னும் அடிக்கக் குடுக்கேல்லை" என்றார்.

காரணம் எனக்குத் தெரியும். அக்காவின் கணவர் 2007ஆம் ஆண்டு ஒரு காலையில் வேலைக்கென்று சைக்கிளில் போனவர். திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. அக்கா ஏறாத படி இல்லை. கொடுக்காத மனு இல்லை.

இங்கே நான் ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். என் கணவர் 2009இல் என் கண்முன்னே இறந்தார். அந்திரட்டி செய்ய அப்போது வசதியில்லை, பிறகு செய்தேன். என் மகனின் கலியாண அழைப்பிதழில் அவர் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று கை நடுங்காமல் எழுதிக் கொடுத்தேன். அதனால் சில வருடங்களுக்கு முன்பு அக்காவிடம், "இனி வரமாட்டார் அக்கா, கிரியையைச் செய்துபோட்டு மனதை ஆற்றுங்கோ" என்று சொல்லிவிட்டேன். அக்கா என்னோடு சண்டை பிடிக்கவில்லை. ஆனால் அந்த வருடம் முழுவதும் தொலைபேசி எடுக்கவில்லை.

மறுநாள் இருவருமாக அச்சகத்துக்குப் போனோம். நல்ல பிள்ளை ஒருவன் கணினியில் இருந்து விபரங்களைக் கேட்டுக் கேட்டு அடித்தான். பெண்ணின் தகப்பன் பெயர் வந்ததும், "அம்மா, அமரர் போடவோ?" என்றான். அவனுக்கு அது ஒரு சாதாரண கேள்வி. நாளுக்குப் பத்துப் பேரிடம் கேட்கிறான். அக்கா பேசவில்லை. நான் அவருடைய கையைப் பார்த்தேன். தீபாவளியை ஒட்டிக் கோயிலில் கட்டிய கௌரிக் காப்பு, இருபத்தொரு இழை நூல், இடது மணிக்கட்டில் புதிதாக இருந்தது. கணவனுக்காக நோற்கிற விரதம் அது. 2007க்குப் பிறகு ஒரு வருடம்கூட அக்கா அதைத் தவறவிடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு ஐப்பசியும் வந்து போகிற நான், அந்த நூலை ஒருமுறையேனும் கவனிக்கவில்லை.

"தம்பி, திரு. திருமதி என்றே போடுங்கோ" என்று நான்தான் சொன்னேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்லுவினமோ" என்று மெதுவாகச் சொன்னார்.

அந்தப் பயம் வீணானது அல்ல. மாப்பிள்ளையின் மாமா ஒருவர், "ஒரு முடிவைப் போட்டால் சபையில கதை வராது" என்று முன்பே சொல்லியிருந்தாராம். ஆகவே மாதிரித் தாளை எடுத்துக்கொண்டு அன்று பின்னேரமே அவர்கள் வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளையின் தாயார் மூக்குக் கண்ணாடியைப் போட்டு, தாளை மேலிருந்து கீழாக வாசித்தார். அவருக்கும் ஒரு மகன் இறுதி யுத்தத்தோடு இல்லாமல் போனவன். வாசித்து முடித்து, "எழுத்துப் பிழை ஒன்றுமில்லை, அடிக்கக் குடுங்கோ" என்றார். வேறு பேச்சு இல்லை. தேத்தண்ணி வந்தது. மாமா பேசாமல் குடித்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா இன்னொரு விஷயம் சொன்னார். இதைச் சகோதரிகள் அறிந்திருப்பது நல்லது. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்களுக்காக, உரியவர் காணாமற்போனவர் என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற 2016இல் சட்டம் வந்தது. கணவர் இறந்தார் என்று கையெழுத்து வைக்காமலே, உதவிப் பணம், பிள்ளைகளின் பாதுகாவல் போன்ற அலுவல்களுக்கு அதைக் காட்டலாம். அக்கா அதை எடுத்து, மடித்து, சுவாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். "அதில செத்துப் போனார் எண்டு இல்லைத்தானே. அதுதான் எடுத்தனான்" என்றார்.

சூரன்போர் முடிந்த பின் பலகாரச் சூடு. அயலட்டைப் பெண்கள் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். வெளியே அடைமழை, உள்ளே தாச்சியில் எண்ணெய். பயற்றம் பணியாரம் உருட்ட ஒரு கூட்டம், அரியதரத்துக்கு மா இடிக்க ஒரு கூட்டம். முன்பு இந்த வீட்டுக் குசினியில் ஏழு குடும்பத்துக்கு ஒரே பானையில் கஞ்சி காய்ச்சினோம் என்று நான் சொன்னபோது, மணப்பெண், "அப்ப நான் எங்க படுத்திருந்தனான்?" என்று கேட்டாள். "மா இடிச்ச உரலுக்குப் பக்கத்தில, கடகத்துக்குள்ள" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். முதல் பணியாரத்தைச் சுவாமிக்கு வைத்துவிட்டு, இரண்டாவதை அக்கா ஒரு தட்டில் தனியே எடுத்து மூடி வைத்தார். யாருக்கென்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் புறப்படும் காலையில் அழைப்பிதழ் அச்சாகி வந்தது. மஞ்சள் பூசிய முதல் தாள் சுவாமி அறைக்கு. அடுத்ததை அக்கா என்னிடம் தந்தார். பஸ்ஸில் இருந்து வாசித்தேன். திரு. திருமதி என்று, இருவர் பெயரும் ஒரே வரியில் இருந்தன.

சகோதரிகளே, இறந்தவருக்காக அழுவது வேறு, வராதவருக்காகக் காத்திருப்பது வேறு. என் துயரத்தின் அளவுகோலால் இன்னொருத்தியின் துயரத்தை அளந்தது என் பிழை. உங்கள் அயலிலும் இப்படி ஒரு வீடு இருக்கும். அங்கே போனால் புத்திமதி சொல்ல வேண்டாம். மா இடிக்க ஒரு கை கொடுங்கள்.

கார்த்திகையில் மறுபடியும் போகிறேன். மழைக்குக் குடையும், பிள்ளைக்கு ஒரு சோடி காப்பும் எடுத்து வைத்திருக்கிறேன்.