இலை புரட்டும் செந்தலைப் பூங்குருவி

மலையோரத் தோட்டங்களில் இஞ்சி நட்டு, தழை மூடாக்கு போட்டதும் பலர் சொல்லும் குறை இது: "விடியக்காலம் ஏதோ வந்து எல்லாத்தையும் கலைச்சுட்டுப் போகுது." நிழல் மரங்களுக்கு இடையே 10 சென்ட் இஞ்சி போட்டிருந்த ஒரு குடும்பத்துக்கும் அதே கவலை. இலைகள் சிதறியிருந்தன, இரண்டு பாத்திகளில் விதை இஞ்சி வெளியே கிடந்தது. பாத்தியில் செம்மஞ்சள் நிறக் குருவி ஒன்று தத்தித் திரிவதைப் பார்த்த மகன், கண்ணி வைக்கக் கயிறு எடுத்துவிட்டான்.

"பொறுடா, ரெண்டு நாள் உக்காந்து பாரு" என்றார் அம்மா.

அப்படிப் பார்த்தபோதுதான் அடையாளம் தெரிந்தது. அது செந்தலைப் பூங்குருவி. மைனாவைவிடச் சற்றுச் சிறியது. சுமார் 21 செ.மீ. நீளம். உச்சந்தலை, மார்பு, வயிறு செம்மஞ்சள்; முதுகு நீலச் சாம்பல்; வாலடி வெள்ளை. பெண் பறவையின் முதுகு பழுப்பேறியிருக்கும். தென்னிந்தியாவில் கூடு கட்டும் வகைக்கு முகமும் தொண்டையும் வெள்ளை. கண்ணுக்குக் கீழே நெடுக்காக இரண்டு கருங்கோடுகள். இந்தக் கோடுகளைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆறுமணிக்குருவியும் இதேபோல் தரையில்தான் மேயும். ஆனால் அதற்கு முதுகு பச்சை, வால் மிகக் குட்டை. அது குளிர்காலத்தில் மட்டும் இங்கு வரும் விருந்தாளி. இஞ்சி நடும் வைகாசியில் பெரும்பாலும் இருக்காது. தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து கூச்சல் போடும். பூங்குருவியோ தனியாக அல்லது ஜோடியாக, சத்தமில்லாமல் நிழலில் மேயும்.

அலகால் ஓர் இலையைப் புரட்டும், நின்று பார்க்கும், அடியில் இருக்கும் பூச்சி, நத்தை, மண்புழுவைக் கொத்தும். ஆள் வந்தால் தாழ்ந்த கிளைக்குப் பறந்துவிடும். கோழியைப்போல் காலால் கிளறாது. கிழங்கைத் தோண்டவும் அதனால் முடியாது.

அப்படியானால் இஞ்சியைத் தோண்டியது யார்? குழியோரம் ஈர மண்ணில் பிளந்த குளம்புத் தடம் இருந்தது. காட்டுப்பன்றி! வேலியில் விழுந்திருந்த இடைவெளியை அன்றே முள் வைத்து அடைத்தார்கள். கயிறு மாட்டுக் கொட்டகைக்குத் திரும்பியது.

இலை மட்டும் புரண்டிருந்தால் கையால் தள்ளி மூடிவிடுங்கள், போதும். மண்ணில் குழி இருந்தால், அதை மூடுவதற்கு முன் பக்கத்தில் கால்தடம் தேடுங்கள். காட்டுப் பறவைகளைக் கண்ணி வைத்துப் பிடிப்பது 1972-ம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதோடு, பூச்சி தின்னும் ஒரு பறவையை இழப்பது உங்கள் தோட்டத்துக்குத்தான் நஷ்டம்.