பனி விழும் கிராமத்தில் குடியேறலாமா... வேலைக்கா, ஓய்வுக்கா?

`உழைத்தது போதும், இனி ஒரு மலைக்கிராமத்தில் நிம்மதியாக இருக்கலாம்...' அறுபதை நெருங்கும்போது பலருக்கும் வரும் ஆசைதான் இது. டோக்கியோவின் நெரிசல் ரயிலில் நின்றபடியே முப்பது, நாற்பது வருடங்களைக் கழித்தவர்களுக்கும் வருகிறது. அவர்களில் சிலருக்கு அந்த ஆசை, பனி மூடிய ஒரு மரவீடாகக் கண்முன் நிற்கிறது.

வீட்டுக்குப் பஞ்சமே இல்லை. 2023 கணக்கெடுப்பின்படி, ஜப்பானில் ஆளில்லாமல் கிடக்கும் வீடுகள் சுமார் 90 லட்சம். பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட, பெற்றோர் காலமாகிவிட, பூட்டிய கதவுகளோடு நிற்கும் வீடுகள். இவற்றைப் பட்டியல் போட்டுக் கொடுக்க உள்ளூர் நிர்வாகங்களே `அகியா பேங்க்' நடத்துகின்றன. ஒரு காரின் விலைக்கும் குறைவாகத் தோட்டத்தோடு வீடு கிடைக்கும் ஊர்கள் உண்டு.

பிறகென்ன, பெட்டியைக் கட்டிவிடலாமா? அங்கேதான் பனி குறுக்கே வருகிறது.

கூரை மேல் 10 டன்!

சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று, ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மலைகளில் மோதுகிறது. அதனால்தான் நீகாட்டா, அகிடா, அமோரி போன்ற மேற்கு, வடக்குப் பகுதிகளில் பனி கொட்டித் தீர்க்கிறது. நாட்டின் நிலப்பரப்பில் சுமார் பாதி, சட்டப்படி `கடும் பனிப்பகுதி'யாக அறிவிக்கப்பட்டிருக்கிறது.

புதிதாக விழுந்த பனி, ஒரு கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ இருக்கும். 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு மீட்டர் உயரத்துக்குப் பனி சேர்ந்தால், வீட்டின் தலைமேல் 10 டன் பாரம். இறுகினால் இன்னும் பல மடங்கு. அள்ளாமல் விட்டால் வீடு நொறுங்கும். அள்ள வேண்டுமென்றால் ஏணி போட்டு ஏற வேண்டும். ஏறுவது யார்?

இளைஞர்கள் இல்லாத ஊரில் எழுபது வயதுக்காரர்தான் ஏறுகிறார். 2005-06 குளிர்காலத்தில் கடும் பனியால் ஜப்பானில் 152 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் முதியவர்கள். கூரையிலிருந்து தவறி விழுந்தும், சரிந்த பனிக்குள் புதைந்தும், பனி அள்ளும்போது நெஞ்சு அடைத்தும் உயிர்கள் போயின.

கூரை மட்டுமல்ல, வாசலையும் காலையில் எழுந்ததும் அள்ளியாக வேண்டும். கடுங்குளிர் இரவுகளில் குழாய் வெடிக்காமலிருக்க, தண்ணீரை வடித்துவிட்டுத் தூங்க வேண்டும். ஹீட்டருக்கு மண்ணெண்ணெய் செலவு தனி. கார் இல்லாமல் கடைக்கும் போக முடியாது, மருத்துவமனைக்கும் போக முடியாது. வயது ஏறி, ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வந்தால் அந்த அழகான வீடே தீவாகிவிடும்.

அதாவது, ஓய்வு தேடிப் போகிறவருக்குப் பனிக்கிராமம் முதலில் கொடுப்பதே வேலைதான். சம்பளம் இல்லாத வேலை, லீவும் இல்லாத வேலை!

அரசு தேடுவது யாரை?

டோக்கியோவின் 23 வார்டுகளிலிருந்து வெளியூருக்குக் குடிபெயரும் குடும்பத்துக்கு, நிபந்தனைகளோடு 10 லட்சம் யென் வரை உதவித்தொகை உண்டு. 2023 முதல், குழந்தை ஒன்றுக்கு மேலும் 10 லட்சம் யென் வரை கிடைக்கிறது. ஆனால், போகிற ஊரில் வேலைக்குச் சேர வேண்டும், தொழில் தொடங்க வேண்டும், அல்லது பழைய வேலையை ஆன்லைனில் தொடர வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கின்றன. சில வருடங்களிலேயே ஊரைவிட்டுக் கிளம்பினால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். 2009-ல் தொடங்கிய இன்னொரு திட்டத்தில், நகரத்துக்காரர்கள் கிராமத்தில் அதிகபட்சம் மூன்று வருடங்கள் வரை ஊர்ப்பணி செய்து, பிறகு அங்கேயே தங்க வழி தேடலாம்.

கிராமங்களுக்குத் தேவை பள்ளிக்கூடத்தில் சேர ஒரு குழந்தை, கூரை ஏற ஒரு தோள். ஓய்வூதியத்தோடு வருபவரையும் வரவேற்பார்கள்தான். ஆனால், இன்று பக்கத்து வீட்டுக்கு உதவும் அவருக்கே பத்து வருடங்கள் கழித்து யாராவது உதவ வேண்டியிருக்கும்.

அதற்காக வேலைக்குப் போகிறவர்களுக்கு எல்லாம் சுலபம் என்றும் சொல்லிவிட முடியாது. சம்பளம் நகரத்தைவிடக் குறையும். பனிச்சறுக்கு விடுதி வேலை, பனி கரைந்ததும் முடிந்துவிடும். வாழ்க்கைத்துணைக்கும் அதே ஊரில் வேலை கிடைக்க வேண்டும்.

யுசாவா சொல்லும் பாடம்

நீகாட்டா மாகாணத்தில் உள்ள யுசாவா, இரண்டு பக்கத்தையும் காட்டும் ஊர். 1982-ல் ஷின்கான்சென் ரயில் வந்தபிறகு டோக்கியோவிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். 80-களின் பணக்காலத்தில், விடுமுறைக்காக அங்கே அடுக்குமாடிகள் முளைத்தன. பிறகு விலை சரிந்து, சில வீடுகள் 1 லட்சம் யென்னுக்குக்கூட விற்பனைக்கு வந்தன. `அடடா' என்று வாங்கியவர்களுக்கு மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் காத்திருந்தது.

ஆனாலும் அந்தக் கட்டணத்துக்கு ஒரு பொருள் உண்டு. கூரைப் பனியை நிர்வாகம் பார்த்துக்கொள்கிறது. ரயில் நிலையமும் கடைகளும் பக்கம். பல கட்டடங்களில் பொது வெந்நீர்க் குளியலறையே இருக்கிறது. முதுமையில் தனி மரவீட்டைவிட, அழகில்லாத இந்த அடுக்குமாடி பல மடங்கு பாதுகாப்பு. முப்பது வயதில் ஆன்லைன் வேலையோடு வருபவருக்கோ தனி வீடும் சரிப்படும்.

எனவே, போகலாமா வேண்டாமா என்பதைவிட, எழுபத்தைந்தாவது வயதில் இந்தப் பனியை அள்ளப்போவது யார் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. பல ஊர்களில் கொஞ்ச நாள் தங்கிப் பார்க்க `டிரையல் வீடு'கள் இருக்கின்றன. மே மாதப் பச்சையில் போனால் எல்லா ஊரும் சொர்க்கம்தான். பிப்ரவரியில் ஒரு வாரம் தங்கி, தினமும் காலையில் தன் கையாலேயே வாசலை அள்ளிப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் அந்த ஊர் பிடித்திருந்தால், தாராளமாகப் பெட்டியைக் கட்டலாம்!