கைக்கு முன் செவி

கித்தார் பயிலும் நம் இளைஞர் பலர், புள்ளியிட்ட படத்தைப் பார்த்து விரல் வைக்கும் இடங்களை உருப்போட்டு விடுகின்றனர். ஆங்கிலப் பள்ளியில் எனக்கும் இம்முறையே கற்பிக்கப்பட்டது. விரல் ஓடுகிறது, செவி உறங்குகிறது. உடன் ஒலிக்கும் கார்டு மாறியதும் அதே சுரவரிசை வேறு முகம் காட்டுவதை அறிவார் சிலரே.

ஜொகூர்த் தோட்டமொன்றில் கிராணியாக இருக்கும் யான், ஞாயிறுகளில் பாலம் கடந்து சிங்கப்பூர் செல்வதுண்டு. சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் நாதஸ்வரம் கேட்டு நின்றால் விஷயம் விளங்கும். வித்துவான் எத்தனை வளைவு வளைந்தாலும், இடையறாது ஒலிக்கும் சுருதியன்றோ ஒவ்வொரு சுரத்துக்கும் பொருள் தருகிறது!

ஆர்மோனியத்தின் ஏழு வெள்ளைக் கட்டைகளைக் கொள்வோம். 'ஸி' ஆதாரமாயின் சங்கராபரணம். அதே ஏழினை 'டி'யை ஆதாரமாக்கி வாசித்தால் கரகரப்பிரியா, 'ஈ' எனில் தோடி, 'எஃப்' கல்யாணி, 'ஜி' ஹரிகாம்போதி, 'ஏ' நடபைரவி. 'பி' மட்டும் பஞ்சமமின்றித் திகைத்து நிற்கும். ஒரு சுரமும் கூடவில்லை, குறையவில்லை. மேல்நாட்டார் 'மோட்' என்று கற்பிக்கும் இது நமக்குப் புதிதன்று. ஏழு கன்னியரை ஏழு சுரப்பெயரால் நிறுத்திய சிலப்பதிகாரம், பாலைத் திரிபையும் பேசுகிறது. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்திலும், விபுலாநந்த அடிகள் 1947இல் யாழ் நூலிலும் இதனை விரிவாக ஆராய்ந்தனர். எத்தனை கித்தார் ஆசிரியர் அவற்றைப் புரட்டியிருப்பரோ!

சுருதி நிலைத்து நிற்பது; கார்டோ நகர்வது. விரைந்து நகரும் பாட்டில் ஆதாரம் முற்றும் மாறிவிடுவதில்லை. ஆயினும் சுரம் இளைப்பாறும் இடம் மாறுகிறது. 'ஸி' கார்டின்மேல் 'எஃப்' நெருடும், இறங்கத் துடிக்கும். 'எஃப்' கார்டு வந்ததும் அதுவே தன் வீட்டில் அமர்ந்துவிடும். இந்த வேற்றுமையைப் படம் காட்டாது. கார்டை மீட்டி ஒலிக்கவிட்டு, ஒரு சுரத்தை வாயாற் பாடுக. அது தங்குகிறதா, தவிக்கிறதா என்று கேட்க. பின்னரே தந்தியில் தேடுக.

இசைச்செவி பரம்பரையில் வரவேண்டும் என்னும் பேச்சு எங்கள் லயத்திலும் உண்டு (வீட்டு வரிசையைச் சொல்கிறேன், தாளத்தை அன்று). பால்மரம் வெட்டியவர் பேரப்பிள்ளைக்கு அது வாயாது என்பது, சொல்வோருக்கு மிக வசதியான சித்தாந்தம். 1949இல் தோன்றிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகத்திற்கு எங்கள் பிள்ளைகள் வாரந்தோறும் போய்வர இயலாது. ஆனால் கைப்பேசியிலேயே இன்று சுருதி ஒலிக்கிறது. சுரங்களின் பெயரறியாத எங்கள் லயத்துச் சிறுவன் ஒருவன் அதனோடு இரண்டு மாதம் பாடினான். இப்போது வானொலிப் பாட்டில் கார்டு மாறும் நொடியில் எனக்கு முன்னே அவன் விரல் உயர்கிறது.