20 மில்லி ராடில் 25 மில்லி ஷாஃப்ட்

"ஃபோட்டோ அனுப்பிட்டேன் சார், வாட்ஸ்அப்பைப் பாருங்க." ஓசூரில் கேட்லாக் வேலை பார்க்கிறவனுக்குப் பொழுது இப்படித்தான் விடியும். அனுப்பியவர் சிப்காட்டில் பட்டறை வைத்திருப்பவர். மைக்ரோமீட்டரில் மில்லியில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் பீஸைத் தூக்கி ஓரமாகப் போடுகிற ஆள். படம் மட்டும் எப்படியாவது வந்து சேர்ந்தால் போதும் அவருக்கு.

ஒரு இன்ச்சுக்கு 300 பிக்சல், ஏ4 பக்கம் முழுக்க வர 2480க்கு 3508 என்று பல வருஷம் சொல்லித் தோற்றிருக்கிறேன். தலையாட்டுவார்கள், மறுநாள் அதே படம் வரும். ஒருநாள் லேத் சத்தத்துக்கு நடுவே எரிச்சலில் கத்தினேன்: "20 மில்லி ராடைக் கொடுத்துட்டு 25 மில்லி ஷாஃப்ட் கடையச் சொல்றீங்களே சார்!" சிரித்துவிட்டார். சாயந்திரமே பென்டிரைவில் ஒரிஜினல் வந்தது. ஃபோட்டோஷாப்பில் அளவைக் கூட்டிக்கொள்ளலாமே என்பவர்களுக்கும் அதே பாஷைதான்: அது வெல்டு வைத்து ஏற்றுகிற வேலை. அளவு வரும், சரக்கு வராது.

12 மெகாபிக்சல் போன் படம் 4000க்கு 3000. 300ஆல் வகுத்தால் 13 இன்ச்சுக்கு 10. ஏ4க்குத் தாராளமாகப் போதும். அதையே வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப்பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். முழுப்பக்கத்துக்கு எடுத்த படம் கால் பக்கத்துக்குத்தான் தேறும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே வரும்.

அளவு சுருங்குவதைவிட எனக்குப் பயம் ஜேபெக் அழுத்தம்தான். படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, நுணுக்கங்களைக் கழித்துவிடும். முகத்தில் பலர் கவனிக்க மாட்டார்கள். கிரைண்டிங் முடிந்து கண்ணாடி மாதிரி மின்னுகிற இரும்பில், அது சொரசொரப்பாகத் தெரியும். என் கையால் போன கேட்லாக் ஒன்றில் அப்படி வந்தது. ஸ்கிரீனில் சின்னதாக வைத்துப் பார்த்து ஓகே சொன்னவன் நானேதான். வாங்க வந்தவர் "ஃபினிஷிங் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாராம். 1000 பிரதியையும் என் செலவில் மறுபடி அடித்தோம். 100 சதவீதத்தில் வைத்துப் பார்க்காமல் எந்தப் படத்தையும் இப்போது பக்கத்தில் ஏற்றுவதில்லை.

எல்லாவற்றுக்கும் 300 கேட்பதும் அசட்டுத்தனம். பாகலூர் ரோட்டு 20 அடி ஃப்ளெக்ஸுக்கு 72 போதும், அதற்குக் கீழேயும் தாங்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுதானே பார்க்கிறோம். "ஃப்ளெக்ஸில் நல்லா வந்த படம் புக்கில் ஏன் உடையுது?" என்பவர்களுக்கு, புத்தகத்தைக் கைநீளத்தில் பிடிக்கிறோம் என்பதுதான் பதில்.

நிறத்தில் என்னைத் தோற்கடிப்பது ரோஜா. இங்கே விளையும் தாஜ்மஹால் ரகச் சிவப்பு போன் ஸ்கிரீனில் தீ மாதிரி எரியும். மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தாலும் தாளில் அந்த ஒளி வராது. வெயிலில் எடுத்திருந்தால் கேமராவிலேயே சிவப்பு நிரம்பி வழிந்து, இதழ் மடிப்பெல்லாம் அழிந்து துணிப்பந்து போல இருக்கும். காலை வெயில் ஏறுமுன், எக்ஸ்போஷரைக் கொஞ்சம் இறக்கி எடுக்கச் சொல்வேன். அச்சு மை நிறங்களான சிஎம்ஒய்கேவுக்குப் படத்தை நீங்களே மாற்ற வேண்டாம் என்றும் சொல்வேன். தாளுக்கும் பிரஸ்ஸுக்கும் ஏற்ப அது மாறும். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளோடு எனக்குத் தகராறு குறைவு. மாம்பழ மஞ்சள் மைக்கு அடங்கும். சியான் ஒரு பொட்டு ஏறினால் மட்டும் பழம் காயாகிவிடும்.

போன வாரம் அந்தப் பட்டறைக்காரர் 40 படம் அனுப்பினார். எல்லாம் ஒரிஜினல், ஃபைல் பெயரில் பார்ட் நம்பர். ஒன்று மட்டும் ஸ்கிரீன்ஷாட். போன் போட்டேன்.

"தெரியும் சார், அது ஸ்கிராப்புதான். அந்த பீஸ் டிஸ்பாட்ச் ஆயிடுச்சு. ஸ்டாம்பு அளவுக்குக் கடைஞ்சுக்குங்க."

ஸ்டாம்பு அளவில்தான் வைத்திருக்கிறேன்.