மெக்கானிக்கல் படித்த பிள்ளையும் நட்சத்திரப் படிப்பும்

எஞ்சினியரிங் படித்த ஒருவர் வானியற்பியலுக்குப் போக முடியுமா? ஆறு மாதமாக எங்கள் குடும்பத்தில் இதுதான் பேச்சு. தம்பி மகள் மெக்கானிக்கல் முடித்து, திருவனந்தபுரத்தில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். இப்போது, "நட்சத்திரங்களைப் பத்திப் படிக்கணும் பெரியப்பா" என்கிறாள்.

தம்பிக்குத் தூக்கம் போய்விட்டது. "கடன் வாங்கிப் படிக்க வச்சேன் அண்ணே. அது இன்னும் தீரல்ல. கல்யாணப் பேச்சும் வருது. நீங்க சொன்னா கேப்பா" என்றான். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்பதால் வழக்கு என்னிடம் வந்தது.

எங்கள் களியக்காவிளை எல்லை ஊர். தமிழில் விலை கேட்டு மலையாளத்தில் பேரம் பேசுவது இங்கே சாதாரணம். ஆனால் படிப்பில் ஒரு எல்லையைத் தாண்டுவதென்றால் மட்டும் பயந்துவிடுகிறோம்.

நான் அவளிடம் மேகநாத் சாகாவைப் பற்றிச் சொன்னேன். டாக்காவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், சின்ன மளிகைக்கடைக்காரரின் மகனாக 1893-இல் பிறந்தவர். கல்கத்தாவில் 1915-இல் எம்.எஸ்சி. முடித்தார். இயற்பியலில் அல்ல, கணிதத்தில். அடுத்த வருடம் விரிவுரையாளர் ஆனார். பிறகு இயற்பியல் துறைக்கு மாறி, வெப்ப இயக்கவியலும் நிறமாலையியலும் பாடம் எடுத்தார். முதுகலையில் படிக்காத பாடங்களைத் தானே படித்துப் படித்து மாணவர்களுக்குச் சொன்னார்.

அந்தப் படிப்பிலிருந்து வந்ததுதான் 1920-இல் அவர் வெளியிட்ட அயனியாக்கச் சமன்பாடு. ஒரு வாயு இவ்வளவு வெப்பத்திலும் இவ்வளவு அழுத்தத்திலும் இருந்தால், அதில் எத்தனை பங்கு அணுக்கள் எலெக்ட்ரானை இழந்திருக்கும் என்று அது சொல்லும். ஒரு நட்சத்திரத்தின் ஒளியில் தெரியும் கோடுகள் இன்னொன்றில் ஏன் தெரிவதில்லை என்பதற்கு அப்போதுதான் சரியான விளக்கம் கிடைத்தது. அணு எலெக்ட்ரானை இழப்பதை, ஒரு பொருள் சூட்டில் பிரிகிற வேதிவினை போல வைத்துக் கணக்குப் போட்டார், அவ்வளவுதான். அவருக்குக் கைகொடுத்தது வெப்ப இயக்கவியல்.

"அது எங்களுக்கு ரெண்டாம் வருஷப் பாடமாக்கும் பெரியப்பா" என்றாள் பிள்ளை. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அந்தச் சமன்பாட்டைக் கையிலெடுத்தவர் செசிலியா பெய்ன். இங்கிலாந்தில் 1919-இல் தாவரவியல் படிக்கலாம் என்று கல்லூரிக்குப் போனவர். சூரிய கிரகணத்தைப் பற்றி எடிங்டன் பேசியதைக் கேட்டு இயற்பியல் பக்கம் திரும்பினார். நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் என்று 1925-இல் தன் ஆய்வேட்டில் காட்டினார். பெரியவர்கள் முதலில் நம்பவில்லை. நாலு வருடம் கழித்து ஒத்துக்கொண்டார்கள்.

கதை சொல்லி உற்சாகப்படுத்துவது எளிது. அதனால் அவளிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். கணிதம், வெப்பம், பாய்ம இயக்கவியல் எல்லாம் கையிருப்பு. ஒரு நட்சத்திரம் தன் எடையால் நொறுங்காமல் நிற்பது உள்ளே இருக்கும் அழுத்தத்தால்தான். குழாயிலும் தொட்டியிலும் அழுத்தக் கணக்குப் போட்டவளுக்கு அது அந்நியமில்லை. இல்லாதவை குவாண்டம் மெக்கானிக்ஸ், மின்காந்தவியல், ஸ்டாட்டிஸ்டிகல் மெக்கானிக்ஸ். ஜெஸ்ட் நுழைவுத் தேர்வில் கேட்பதும் பெரும்பாலும் இவற்றைத்தான். நட்சத்திரங்களின் பெயர் தெரிந்தால் போதாது.

எனவே கிரிஃபித்ஸ் எழுதிய இரண்டு பாடநூல்களை முதலில் வாங்கச் சொன்னேன். அவற்றைக் கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் அர்ணாப் ராய் சௌதுரியின் வானியற்பியல் நூல். என்.பி.டி.இ.எல். வகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. புனேயில் உள்ள ஐயூகா போன்ற இடங்களில் எஞ்சினியரிங் படித்தவர்களும் ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். வலியமலையில் இருக்கும் விண்வெளிக் கல்லூரியில் இதற்கென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது. அது நமக்குப் பக்கம்தான்.

தம்பியிடம் நான் சொன்னது வேறு. கடன் விளையாட்டல்ல. அதனால் வேலையை இப்போதைக்கு விடவேண்டாம், தவணையை அவளே கட்டட்டும். விடியற்காலை நாலு மணி முதல் ஆறரை வரை படிப்பு. பாறசாலையிலிருந்து ரயிலில் போகும் நேரத்தில் சூத்திரங்கள். இரண்டு தடவை தேர்வு எழுதட்டும். அதுவரை கல்யாணப் பேச்சு வேண்டாம். இரண்டிலும் இடம் கிடைக்காவிட்டால் அப்போது உட்கார்ந்து பேசுவோம்.

அவன் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு தடவைன்னா ரெண்டு தடவைதான், கேட்டீங்களா" என்றான். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இடம் கிடைக்குமா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் போன வாரம் எலெக்ட்ரான் சம்பந்தமாக ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். எனக்கும் வரவில்லை. மூன்று நாள் கழித்து அவளே போட்டுக் கொண்டுவந்து எனக்குச் சொல்லித் தந்தாள். வேறு படிப்பு படித்துவிட்டு வானத்தைப் பார்க்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். தடுக்கும் முன், அவர்களோடு உட்கார்ந்து ஒரு தாளில் இருப்பையும் குறைவையும் எழுதிப் பாருங்கள். நீங்கள் நினைப்பதைவிட இருப்புப் பக்கம் நீளமாக இருக்கும்.