இரண்டு பட்டங்கள்

ஒரே சமயத்தில் இரண்டு பட்டங்கள் படிக்கலாமென்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் அனுமதித்தது. கல்லூரிக்குப் போய் ஒன்று, தொலைநிலையில் மற்றொன்று; வகுப்பு நேரம் மோதாவிட்டால் இரண்டுமே கல்லூரியில். நான் பி.ஏ. ஆங்கிலம் படித்தபோது மேஜர் ஒன்றுதான். அலைட் என்கிற மாற்றாந்தாய்ப் பிள்ளையும் எனக்கு இங்கிலாந்தின் சமூக வரலாறாகவே வாய்த்தது. தமிழ், 'பகுதி ஒன்று' என்ற பெயரில் இரண்டாம் வருஷத்தோடு முடிந்துபோயிற்று.

தேன்கனிக்கோட்டையில் வங்கி குமாஸ்தாவுக்கு ஒரு பாஷை போதாது. சலான் நிரப்பத் தெரியாதவர்களுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் சொல்லியாக வேண்டும். மூன்றும் பேசுகிறவர்கள் இங்கே சகஜம். யாரிடமும் அதற்குச் சான்றிதழ் இல்லை. இது தெரிந்தும், ஓசூரில் பி.காம். சேர்ந்திருக்கும் அக்கா மகளிடம், தமிழிலக்கியத்தையும் தபாலில் எடுத்துவிடு என்று வற்புறுத்தினேன். கணக்கு பிழைப்புக்கு, இலக்கியம் ஆத்மாவுக்கு என்கிற மாதிரி ஏதோ சொன்னேன். இந்தப் பிரிவினையைத்தான் கட்டுரைக்குக் கட்டுரை கண்டித்து வந்திருக்கிறேன்.

"அப்ப பி.காம். எனக்கு, தமிழ் உங்களுக்கா மாமா?" என்றாள்.

கேலிதான். என்னால் சிரிக்க முடியவில்லை. வரவு என் பெயரில், பற்று அவள் பெயரில். தினமும் ஓசூர் பஸ்ஸில் நின்றபடி போய்வருகிறவள், இரண்டு பரீட்சைகளும் ஒரே மாதத்தில் வந்தால் விழித்திருக்கப்போகிறவள் அவள்.

போகும்போது என் அலமாரியிலிருந்து நான்கு புத்தகங்களை உருவினாள். புரட்டிவிட்டு இரண்டைத் திருப்பி வைத்தாள். விண்ணப்பம் என் மேஜைமேல் கிடக்கிறது. கடைசித் தேதிக்கு இன்னும் ஒன்பது நாட்கள்.